ஆள் பார்த்து விடும் சுவர்

என் தம்பி வீட்டுச் சுவரை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சுவர் மேல் ஒருத்திக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

தம்பி பல வருஷம் கத்தாரில் இருந்தான். உள்சுவர் வேலை. பெரிய ஆபீஸ்களில் ஜிப்சம் போர்டு அடிப்பது, அதன் மேல் விதவிதமான ஷீட் ஒட்டுவது. அந்த ஷீட்டுகளில் ஒரு வகை, செல்போன் சிக்னலை உள்ளே விடாது, வைஃபையை மட்டும் விடும். கூட்டம் நடக்கிற அறைகளில் ஒட்டுவார்களாம். மற்றவர்கள் லீவில் வரும்போது செண்டு பாட்டிலும் தைலமும் கொண்டுவந்தால், இவன் அந்த ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து தெருவுக்கே காட்டினான். பின்பக்கம் வெள்ளி நிறத்தில் வளையத்துக்குள் வளையமாக, வரிசை தப்பாமல் அச்சடித்திருந்தது.

"சல்லடை மாதிரி லாத்தா. ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீளம் இருக்கு. இந்த வளையத்தோட அளவை மாத்துனா எது நிக்கணும், எது போகணும்னு நாமளே வெச்சுக்கிடலாம்" என்றான்.

லாத்தா என்றால் அக்கா, நான்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஒரு போன் வரவில்லை என்றால் ஒரு வேலை கெட்டுப்போகும் என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவள். "நல்லாத்தான் இருக்கு. நமக்கு எதுக்குலே அது?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவன் ஊரோடு வந்துவிட்டான். குற்றாலம் போகிற ரோட்டில் வீடு கட்டினான். வாப்பா மௌத்தான பிறகு டவுனுக்குள் தனியாக இருந்த உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொண்டான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். சோறு, துணி, மருந்து எதிலும் உம்மாவுக்கு ஒரு குறை கிடையாது. வினை பக்கத்து லாட்ஜிலிருந்து வந்தது. சீசனுக்கு வருகிற கூட்டத்துக்கு சிக்னல் பத்தவில்லை என்று அந்த லாட்ஜ் மொட்டை மாடியில் ஒரு டவர் நட்டார்கள். அதே சமயம் பார்த்துத் தம்பி மகளுக்குத் தலைவலி வந்தது. போதாதா?

"டவர்தான். கதிர்வீச்சு" என்று தீர்மானித்துவிட்டான்.

"டாக்டர்ட்ட காட்டுலே."

"டாக்டருக்கு என்ன தெரியும்? நான் அந்த ஃபீல்டுலயே இருந்தவன்லா."

எங்கிருந்தோ அந்த ஷீட்டைச் சுருள் சுருளாக வரவழைத்தான். நாலு சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் ஒட்டி மேலே பெயிண்ட் அடித்தான். ஜன்னல் கண்ணாடிக்கு அதே வளையம் போட்ட ஃபிலிம். வேலை முடிந்த வாரம் பிள்ளைக்குத் தலைவலி நின்றது. அதே வாரம் பள்ளிக்கூடத்தில் கண் சோதித்துப் பிள்ளைக்குப் பவர் கண்ணாடியும் போட்டார்கள். அதை நான் எடுத்துச் சொன்னால், "உனக்கு எப்பவும் நான் செஞ்சா குத்தம்" என்பான். வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவான். "உள்ள வாங்க, போனப் பாருங்க, ஒரு கோடு கூட இருக்காது. ஆனா வைஃபை பறக்கும்."

அவனுக்கு வாட்ஸ்அப்பில் கால் வந்தது. அவன் மனைவிக்கு வந்தது. பிள்ளைக்குப் பாடம் வந்தது. வராமல் போனது உம்மாவின் பட்டன் போனுக்கு மட்டும்தான். பக்கத்து லாட்ஜ் டவர் ஒரு கம்பெனி, உம்மாவின் சிம் வேறு கம்பெனி. அதன் டவர் இலஞ்சிப் பக்கம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. முன்பே ஒரு கோடும் அரைக் கோடுமாகத்தான் எடுக்கும். ஷீட் ஒட்டினதும் அதுவும் போயிற்று. எந்த டவருக்குப் பயந்து வீட்டைச் சுற்றினானோ அந்த டவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உம்மா வாய்தான் அடைபட்டது.

உம்மாவுக்குப் போன் என்றால் ஒரே ஒரு ஆள்தான். பண்பொழியில் இருக்கிற அக்கா, என் பெரியம்மா. கூடப் பிறந்தவர்களில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பெரியம்மா ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள், உம்மா திருப்பிக் கூப்பிடுவாள். பேசுவதற்கு அப்படி என்ன இருக்கும் என்று கேட்கிறீர்களா? மீன்காரன் வந்தானா, மழை பெய்ததா, முழங்கால் எப்படி இருக்கிறது, கனவில் யார் வந்தார்கள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் முன் அறை வரைக்கும் கேட்கும். நானும் கூடப் பிறந்தவனோடு வளர்ந்தவள்தான், அப்படி ஒரு நாள் சிரித்துப் பேசினதில்லை.

சுவர் வந்த பிறகு உம்மா பேச வேண்டுமென்றால் பின்பக்கம் மோட்டார் ரூமைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். சாரல் அடித்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவாள். லாட்ஜ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று தம்பி மனைவிக்குச் சங்கடம். அதனால் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் என்று உம்மாவே ஒரு நேரம் வைத்துக்கொண்டாள். பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டாள், அந்த நேரத்துக்குத்தான் போட வேண்டும் என்று.

அவள் குடை பிடித்து நின்றதை நான் ஒருநாள் கண்ணால் பார்த்தேன். நேரே ஹாலுக்குள் போய் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன்.

"ஏலே, வீட்டுல அத்தன பேருக்கும் போன் வருது. பெத்தவ ஒருத்திதான் மழையில நிக்கணுமா? ஆள் பாத்து விடுத சுவராலே இது?"

"டச் போன் வாங்கிக் குடுத்திருக்கேம்லா. பழக மாட்டேங்காங்க, நான் என்ன செய்ய?"

வாங்கிக் கொடுத்திருந்தான், உண்மை. உம்மா கால் வந்தால் அந்தப் பச்சை வட்டத்தைப் பட்டனை அழுத்துகிற மாதிரி அழுத்துவாள். இழுத்துத் தள்ள வேண்டும் என்று பேத்தி ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தாள். உம்மாவின் விரல் தேய்ந்த விரல், பீடி சுற்றிச் சுற்றி வழவழத்துப் போனது, கண்ணாடி அதைச் சட்டை செய்யவே செய்யாது. அவள் அழுத்திக்கொண்டே இருக்க, கால் நின்றுவிடும். கடைசியில் டச் போனை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டாள்.

"உம்மா ரூமுக்காவது அந்த ஷீட்டைக் கிழிச்சு எறிலே" என்றேன்.

"ஒரு ரூம்ல எடுத்தா மொத்தமும் வீண் லாத்தா. ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி."

உம்மா குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்து, "சவத்த விடுங்க ரெண்டு பேரும். நான் வெளிய போய்ப் பேசிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் தம்பிக்கு வசதியாகப் போயிற்று. பேச்சு அதோடு நின்றது.

பெரியம்மா ஆனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை போய்விட்டாள். தூக்கத்திலேயே.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவுச் செய்தியைக் கூடப் பிறந்தவளிடம் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டோம். வயசானவளாக இருந்தால் கட்டாயம் மாட்டோம். வீட்டு ஆள் ஒருத்தர் நேரில் போவார். பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, "சுகமில்ல, பாத்துட்டு வருவோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வீடு நெருங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். இறந்தவர் உடலை, மையத்து என்போம், பெரும்பாலும் அன்றைக்கே அடக்கிவிடுவோம். அதனால் இந்தப் போகிற வேலை சுணங்காமல் நடக்க வேண்டும். அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டை விட்டுத் தூக்குவதற்குள் முகம் பார்த்தால் பார்த்ததுதான்.

பெரியம்மா மகன் எனக்கு மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலையிலேயே எனக்குப் போன் போட்டுச் சொன்னார். நான் முதலில் கேட்டது, "உம்மாட்ட சொல்லியாச்சா?"

"போட்டுப் போட்டுப் பாத்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்னே வருது. நேருல சொல்லணும்னு நெனச்சேன், ஆனா பதட்டத்துல கை போனுக்குத்தான் போவுது. தம்பிக்கு வாட்ஸ்அப்ல போட்டுட்டேன். பாத்துட்டான், நீல டிக் விழுந்துட்டு."

தம்பி பார்த்துவிட்டான் என்றால் உம்மா விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். ஒரே வீடு, வாசலில் கார். அவன் கூட்டிக்கொண்டு போகாமல் வேறு யார் போவார்கள்? அவனுக்கு இரண்டு தடவை போட்டேன், எடுக்கவில்லை. கார் ஓட்டுகிறான் என்று நினைத்து, கடையைப் பூட்டிவிட்டுச் செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன்.

பண்பொழியில் இறங்கினதும் உம்மாவைத் தேடினேன். வரவில்லை என்றார்கள். வந்துகொண்டிருப்பார்கள் என்று நானும் சொன்னேன். அதற்குள் மையத்தைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். போன், பை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத் துணி மறைப்புக்குள் போனேன். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, வெளியே வரும்போது முற்பகல் முடிந்துகொண்டிருந்தது. உம்மா அப்போதும் வரவில்லை.

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "தாய் வீட்டு நகையப் பிரிச்சதுல அக்காளுக்குக் கூடப் போயிட்டுன்னு தங்கச்சிக்கு ஒரு மனத்தாங்கல் இருந்துச்சுல்லா. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரல போல. போனையும் ஆஃப் பண்ணி வெச்சிருக்காளாம்." அது எந்தக் காலத்துக் கதை! அந்த மனத்தாங்கல் தீர்ந்து, அக்காளும் தங்கச்சியும் எத்தனையோ வருஷமாக நாள் தவறாமல் பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு நாக்கு வரை வந்தது. மையத்து வீடாகப் போயிற்று, இல்லாவிட்டால் அங்கேயே அவளை நாலு கேட்டிருப்பேன்.

தம்பி மனைவிக்கு வாட்ஸ்அப்பில் கால் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பக்கத்தில் நிற்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"மதினி, எப்ப வருதீங்க? காலையில இருந்து உங்களத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்று கிசுகிசுத்தாள்.

"நான் பண்பொழியில நிக்கேன். உம்மா எங்கட்டி?"

"இங்கதான் இருக்காங்க. சின்ன உள்ளி உரிக்காங்க. அவங்க விடியுமுன்னயே திருநவேலிக்கு வேலைக்குப் போனாங்கள்லா, அங்க இருந்து போன் பண்ணி, உம்மாட்ட மூச்சு விடாத, லாத்தா வந்து பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டுப் போவான்னு சொன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்லல மதினி."

இப்படிச் செய்தி சொல்லப் போவது பெண்மக்கள் வேலை என்று அவன் நினைத்திருக்கிறான். கூட இருக்கிற மகன் வேலை என்று நான் நினைத்திருக்கிறேன். நடுவில் இவள், விடிந்ததிலிருந்து அத்தனையும் தெரிந்துகொண்டு, மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து உள்ளி உரித்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குச் சொன்னதை அவள் செய்தாள். செய்தி அந்த வீட்டுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. கூடத்தில், அடுக்களையில், எங்கும் இருந்தது. யாருக்கு வர வேண்டுமோ அவள் கையிலிருந்த போனுக்கு மட்டும் அது வரவில்லை. மற்ற எந்த வீடாக இருந்தாலும் காலையிலேயே அந்தப் போன் அடித்திருக்கும். பதறியிருப்பாள், விழுந்திருப்பாள், எப்படியோ ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து சேர்ந்திருப்பாள்.

"இப்பவே ஒரு ஆட்டோவப் பிடி. சுகமில்லன்னு சொல்லிக் கூட்டிட்டு வா. ஓடு!" என்று கத்தினேன். முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்றைக்கென்று குற்றாலத்தில் அப்படி ஒரு கூட்டம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று வேனும் பஸ்ஸுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. ஆட்டோ நகரவில்லை என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. நான் காக்காவிடம் போய்க் கெஞ்சினேன். அவர் ஜமாஅத் ஆட்களிடம் கெஞ்சினார்.

"சாரல் விடலையேம்மா. வெட்டுன குழிக்குள்ள தண்ணி ஊறுது. மத்தியானம் லுஹர் தொழுததும் அடக்கியாகணும், அதுக்கு மேல தாங்காது" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது நியாயம்தான். தன் வீட்டுச் சாவுக்கு நிற்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தார். பிறகு மையத்தை வைத்த சந்தாக்கைத் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்று, எதிர்ப்பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ வந்தபோது வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. குளிப்பாட்டின பலகையைக் கழுவிச் சாய்த்திருந்தார்கள். தம்பி மனைவி முதலில் இறங்கினாள், என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். வரும் வழியில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு உம்மா இறங்கினாள். கையில் வயர்க்கூடை. அதில் ஃபிளாஸ்கில் பூண்டுக் கஞ்சி, ஒரு துண்டு, மாற்றிக் கட்ட ஒரு சேலை.

என்னைப் பார்த்து உம்மா கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரிக்குட்டி கொண்டு போயிருக்காங்க? நான் ராத்திரி கூட இருந்துக்கிடுதேன். மத்தவங்க பாத்தா அவளுக்கு ஒத்துக்கிடாது."

நான் கூடையை வாங்கினேன். எங்கள் வழக்கப்படி பக்குவமாகச் சொல்ல வேண்டியதை, என் வாயால், வெயிலும் மழையுமாக இருந்த அந்தத் தெருவில் நின்று சொன்னேன். "எடுத்துட்டாங்க உம்மா."

அவளுக்கு உடனே புரியவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். உள்ளே பெண்கள் தலையில் முக்காடோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சாய்த்து வைத்த பலகையைப் பார்த்தாள். ஓவென்று அழுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அழவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது அடிக்கவே இல்லையேட்டி. சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன். மடியிலயேதான் வெச்சிருந்தேன். இலஞ்சி தாண்டுனதும் டிங்கு டிங்குன்னு என்னமோ அடிச்சுது, இவகிட்ட கேட்டேன், ஒண்ணுமில்ல மாமின்னா."

காக்கா காலையிலிருந்து கூப்பிட்டதெல்லாம், சிம் கம்பெனி அனுப்புகிற மெசேஜாக, அந்தத் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்திருந்தது. சுவரைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகு வந்தவை. நான் அவளை உள்ளே கூட்டிப்போய் பெரியம்மா படுக்கிற கட்டிலில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குறை பேசினவள் தண்ணீர் கொண்டுவந்தாள். உம்மா வாங்கவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். தம்பியும் அவர்களோடு வந்தான். திருநெல்வேலியிலிருந்து நேரே பள்ளிவாசலுக்கு வந்திருக்கிறான். முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு. பெண் மையத்தை நெருங்கின சொந்தத்து ஆண்கள்தான் கபருக்குள் இறக்க வேண்டும். காக்காவோடு இவன் இறங்கியிருக்கிறான். கஃபன் முடிச்சை அவிழ்த்து, முகத்தை மக்கா இருக்கிற கிப்லா பக்கம் திருப்பி வைத்தது இவன் கை.

நான் அவனை வாசலிலேயே மறித்தேன். "பாத்துட்டியாலே? நல்லாப் பாத்துட்டியா? உள்ள போ, உம்மா வந்திருக்கா. கஞ்சி கொண்டாந்திருக்கா அக்காளுக்கு."

அவன் சேற்றுக் காலோடு ஒரு படி பின்னால் போனான். "உம்மா காலையிலயே வந்து பாத்திருப்பாங்கன்னுல்லா... நீ கூட்டிட்டு வருவேன்னு..."

"போன் அடிச்சிருந்தா நானும் வேண்டாம் நீயும் வேண்டாம், அவளே வந்திருப்பா. உன் சுவரைக் கட்டிட்டு அழு."

அவன் உள்ளே போய் உம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் இவனே ஆரம்பித்துவிட்டான். பயந்தால் வேலைப் பேச்சு பேசுகிற ஆள் அவன். மாடியில் ஒரு ஆண்டெனா வைத்து, வயர் இழுத்து, உம்மா ரூமில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினால் சிக்னல் உள்ளே வந்துவிடும், நாளைக்கே செய்கிறேன், ஷீட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்றான்.

உம்மா அது எதையும் காதில் வாங்கவில்லை. அவன் கையிலிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகம் எப்பிடிலே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தூங்குத மாதிரி இருந்துச்சும்மா. ஒரு நோவும் தெரியல" என்றான் தம்பி.

உம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். என் உம்மா யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அவ கூடப் பிறந்தவ நான் ஒருத்தி உசுரோட இருக்கேன். அவ முகம் எப்பிடி இருந்துச்சுன்னு நீ பாத்துட்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாலே?"